வைத்த குழாயை எடுப்பது யார்?

எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடத்துச் சுவர்ப்படத்தில் கணையம் இரைப்பைக்குப் பின்னால் பாதி மறைந்து கிடக்கும். தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறும் உறுப்பு என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் எண்ணியதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையொன்றில் வேலை பார்க்கும் என் மாமா, ஓர் இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்த பிறகுதான் அதன் வல்லமை எனக்குப் புரிந்தது.

கணைய அழற்சி என்றார்கள். பித்தப்பைக் கல்லும் மதுவுமே இதற்குப் பெருங்காரணங்கள். மாமாவுக்குக் கல் இல்லை! அழற்சி தணிந்த பின்னும் சிலருக்குக் கணையத்தை ஒட்டி நீர் தேங்கி, நான்கு வாரம் போல் ஆனதும் சுவர் கட்டிய பையாகிவிடுகிறது. சில தாமே வற்றிவிடும். வற்றாமல் இரைப்பையை நெருக்கினாலோ, சீழ் பிடித்தாலோ வடித்தே ஆகவேண்டும்.

முன்பு இதற்கு வயிற்றைக் கிழித்தார்கள். இன்றோ வாய் வழியே எண்டோஸ்கோப் இறங்குகிறது. அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டு கருவி, இரைப்பைச் சுவருக்கு அப்பாலுள்ள பையையும் இடையே ஓடும் இரத்தக் குழாய்களையும் திரையில் காட்டுகிறது. இரத்தக் குழாய் குறுக்கிடாத இடம் பார்த்துத் துளைத்து, ஸ்டென்ட் என்னும் சிறு குழாயைப் பொருத்தினால், நீர் இரைப்பைக்குள் வடிந்துவிடும். 1992இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர்கள் இம்முறையை வெளியிட்டனர். நம் நாட்டவர் பங்கும் இதில் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பயின்று, பின்னர் ஐதராபாத்தில் புகழ்பெற்ற டாக்டர் நாகேஸ்வர ரெட்டியின் பெயரால் 'நாகி ஸ்டென்ட்' என்றே ஒன்று வழங்குகிறது.

இதை மந்திரக்கோல் என்று கொண்டாட நான் வரவில்லை. சீழ் பிடித்த கணைய நோயாளிகள் 98 பேரிடம் நெதர்லாந்தில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், உயிரிழப்பும் பெருஞ்சிக்கலும் அறுவை முறையைவிடக் குறைந்துவிடவில்லை. கணையநீர்க் கசிவு மட்டும் நூற்றுக்கு 32லிருந்து 5 ஆகக் குறைந்தது. வயிறு கிழிபடாத ஏழைத் தொழிலாளிக்கு அதுவே பெரிய கொடைதான்.

என் வழக்கு வேறு. புற்றுநோயாளிக்கு வைக்கும் குழாய் பெரும்பாலும் இறுதிவரை இருக்கும். இங்கோ நோய் புற்று அன்று. குணமாகிப் பல்லாண்டு வாழவேண்டியவர். பை சுருங்கியதும் உலோகக் குழாயின் வேலை முடிந்தது. பொதுவாக மூன்று, நான்கு வாரத்தில் ஸ்கேன் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். விட்டுவைத்தால் அது இரைப்பைச் சுவருக்குள் புதையலாம். இரத்தக் குழாயை உரசிப் பெரும் இரத்தப்போக்கை உண்டாக்கலாம்.

மாமாவுக்கு மூன்றாம் நாளே பசி வந்தது. இரண்டு வாரத்தில் லேத் முன் நின்றார். மருத்துவமனையில் கொடுத்த ஆங்கிலக் காகிதம் சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று. பொங்கலுக்குப் பூந்தமல்லியிலிருந்து போன நான் தற்செயலாக அதைப் பிரித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், சுருக்கெழுத்துகளுக்கு நடுவே, குழாயை எடுக்க வரவேண்டிய தேதி இருந்தது. ஆறு வாரம் கடந்திருந்தது!

"வலிதான் போயிடுச்சேடா, அப்புறம் என்ன?" என்றார் மாமா. அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போயிற்று. மறுநாளே மின்ரயிலில் ஏற்றிக்கொண்டு போனோம். குழாய் புதையத் தொடங்கியிருந்ததால் எடுக்க மருத்துவர்கள் வெகுநேரம் போராடினார்கள்.

நோயாளிக்குப் பொறுப்பு வேண்டாமா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். வேண்டும்தான். ஆனால் புரியாத மொழியில் சொன்னதற்கு எப்படிப் பொறுப்பேற்பது? நம் கல்லூரி நூலகத்தில் புத்தகம் ஒருநாள் தாமதமானால் பெயர் பலகையில் ஏறிவிடுகிறது. ஒரு புத்தகத்துக்குள்ள பதிவேடு, ஒருவன் வயிற்றுக்குள் இருக்கும் உலோகத்துக்கு இருக்கவேண்டாமா? குழாய் வைத்த நாள், எடுக்கவேண்டிய நாள், தொலைபேசி எண் என்று மூன்று பத்திகள் போதும். வராதவரை மருத்துவமனையே அழைக்கட்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் கையில் இந்தப் பட்டியலையும் கொடுக்கலாம். காகிதத்தின் தலைப்பில், "உங்கள் வயிற்றில் குழாய் உள்ளது, இந்தத் தேதியில் எடுக்க வேண்டும்" என்று தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு மை செலவாகும்?

மாமாவுக்கு அடுத்த ஸ்கேன் ஆவணியில். அத்தை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, அடுப்படியில் மாட்டியிருக்கிறார்.