நான்கு மணி நேரமா, பத்தொன்பது மணி நேரமா?



"சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்?" என்று வினவினால், "நான்கு மணி நேரம்" என்று நம் சிறுவர்களும் விடை பகர்வர். அவ்விடை தவறன்று; ஆயினும் முழுமையானதுமன்று. வானில் பறக்கும் நேரம் வேறு. பயண நேரம் வேறு. இவ்வேறுபாட்டைக் கணக்குப் பாடத்திலேயே பிள்ளைகளுக்கு உணர்த்த வேண்டும் என்பது என் கருத்து.

சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் விமான நிலையத்திற்கும் சென்னை விமான நிலையத்திற்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் எனக் கொண்டு வகுத்தால், மூன்று மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக வரும். ஓடுபாதைக்கு நகரவும், மேலெழவும், வேகங்குறைத்து இறங்கவும் ஆகும் நேரத்தையும் கூட்டினால் நான்கு மணி நேரமாகிறது.

காலை 10.00 மணிக்குப் புறப்படும் விமானம், சென்னையில் 11.30 மணிக்கு இறங்கும். "ஒன்றரை மணி நேரந்தானா?" என்று வியக்க வேண்டா. இந்திய நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பிந்தியது. திரும்புகையில் நண்பகல் 12.00 மணிக்குப் புறப்பட்டால், இங்கு மாலை 6.30 ஆகிவிடும்.

இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. சில ஆண்டுகளுக்கு முன், நம் தோட்டத்து முதியவர் ஒருவருக்குப் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து செய்தி வந்தது. 1969ஆம் ஆண்டு வேலை அனுமதிச் சிக்கலின்போது பெற்றோருடன் தமிழகம் சென்றுவிட்ட தமக்கையார் நோயுற்றுக் கிடந்தார். "நாலு மணி நேரந்தானே ஐயா, நாளைக்குப் புறப்பட்டாலும் போதும்" என்றார் அவர். அவர் ஊர் சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. நானும் அன்று கணக்கிட்டுச் சொல்லத் தவறினேன். அக்குறை இன்றும் என் நெஞ்சை வருத்துகிறது.

மாணவர்களே, கூட்டிப் பாருங்கள்! தோட்டத்திலிருந்து விமான நிலையத்திற்கு 3 மணி நேரம், அங்குக் காத்திருப்பு 3, பறத்தல் 4, குடிநுழைவுச் சோதனையும் பெட்டிகளும் 1, சென்னையிலிருந்து பேருந்தில் சிற்றூர் வரை 8. மொத்தம் 19 மணி நேரம்!

'ரஜூலா' கப்பலில் ஏறத்தாழ ஒரு வாரம் பயணம் செய்த நம் முன்னோர், வழி நெடிது என்பதை அறிந்தே புறப்பட்டனர். நாமோ விமானத்தின் விரைவைக் கண்டு வழியின் நீளத்தை மறந்துவிடுகிறோம்.

எனவே பெற்றோர்களே, வீட்டில் பயணம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் பிள்ளையின் கையில் தாளும் எழுதுகோலும் கொடுங்கள். வாயிற்படி முதல் வாயிற்படி வரை அவனே கணக்கிடட்டும். கடப்பிதழ் காலாவதியாகும் நாளையும் அவனே படித்துச் சொல்லட்டும். தேர்வில் பெறும் புள்ளியினும், உற்றாரை உரிய வேளையில் சென்று காண உதவும் கணக்கே உயர்ந்தது.

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!

— தலைமையாசிரியர்