எல்லாக் குறியும் வழிகாட்டி அல்ல

வார இறுதியில் மலையேறும் பழக்கம் நம்மவர்களிடையே பெருகி வருகிறது. நல்ல பழக்கம்தான். காட்டுக்குள் நடப்பவர்கள் மரங்களில் பலவித அடையாளங்களைப் பார்த்திருப்பார்கள். தண்டில் சிவப்புச் சாயம், கிளையில் பிளாஸ்டிக் நாடா, பட்டையில் எண் பொறித்த தகடு. பார்த்ததும் ‘பாதை இதுதான்’ என்று அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறோம். வழி தவறுவது பல நேரம் அங்கேதான் தொடங்குகிறது.

குறி என்பது யாரோ ஒருவர், யாரோ ஒருவருக்காக விட்டுச் சென்ற செய்தி. அது நமக்கான செய்திதானா என்பதே முதல் கேள்வி.

எண் தகடுகளைப் பாருங்கள். நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் 50 ஹெக்டர் பரப்பில் 1980களிலிருந்து ஆய்வு நடக்கிறது. 1 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கன்று முதல் ஒவ்வொரு மரத்துக்கும் அங்கே ஓர் எண் உண்டு. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் அளக்கிறார்கள். சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டிலும் இத்தகைய ஆய்வு உண்டு. நெஞ்சுயரத்தில் சாயக்கோடு தெரிந்தால், அது அளவு நாடா வைக்கும் இடமாக இருக்கலாம். அந்த எண்களைப் பின்தொடர்ந்தால் எந்த ஊருக்கும் போய்ச்சேர முடியாது.

மரம் வெட்ட அனுமதி தந்த காடுகளிலும் எண்கள் இருக்கும். வெட்ட வேண்டிய மரம் எது, விதைக்காக விட்டுவைக்கும் தாய்மரம் எது என்று முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். அதுவும் மலையேறுபவருக்கான தகவல் அல்ல.

காகிதத் துண்டுகள் இன்னும் வேடிக்கை. 1938இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்’ ஓட்டக் குழுக்கள் இன்று உலகெங்கும் உள்ளன. முன்னே செல்பவர் காகிதத்தைப் போட்டு வழி வைப்பார். மற்றவர்கள் தேடி ஓடுவார்கள். இடையிடையே வேண்டுமென்றே பொய் வழியும் வைப்பார்கள். விளையாட்டே அதுதான். விவரம் தெரியாமல் அதைப் பின்பற்றுபவர் கதி என்ன?

நமக்கு நன்கு தெரிந்த குறி ஒன்றும் உண்டு. கோலாலம்பூர் புக்கிட் கியாரா முன்பு ரப்பர் தோட்டம். அத்தகைய இடங்களில் நிற்கும் பழைய பால்மரங்களில் சரிந்த வெட்டுத் தழும்புகளைக் காணலாம். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்த கோடு அது. பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. அதற்கு எதிர்ச்சரிவாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்துக்குக் காயம். விடியுமுன் நிரைக்குப் போன நம் பாட்டன் பாட்டிமார் கைப்பழக்கத்தில் காத்த கணக்கு இது. வழி காட்டாவிட்டாலும், அந்தத் தழும்பின் முன் ஒரு நிமிடம் நின்று செல்லலாம்.

அப்படியானால் வழிக்குறி எப்படி இருக்க வேண்டும்? அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் ‘கவனி, பாதை திரும்புகிறது’ என்று பொருள். வழி நெடுக ஒரே நிறம், ஒரே அளவு. நம் பாதைகள் எல்லாவற்றிலும் அந்த ஒழுங்கு இல்லை. ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த நிறத்தில் நாடா கட்டுகிறது.

ஆகவே, புறப்படுமுன் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். அந்தப் பாதைக்குரிய குறி எது என்று பழகியவரிடம் கேளுங்கள். சிறிது தூரம் நடந்தும் அடுத்த குறி தென்படவில்லையா? முன்னேறாதீர்கள், கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். முற்றிலும் வழி தெரியாவிட்டால் அலையாமல் ஓரிடத்தில் நின்று உதவிக்கு அழையுங்கள். மலேசியாவில் அவசர எண் 999.

அடுத்தவர் கட்டிய நாடாவை அவிழ்க்காதீர்கள். பின்னால் வருபவருக்கு அதுவே துணையாக இருக்கலாம். நீங்கள் கட்டியதைத் திரும்பும்போது மறக்காமல் அவிழ்த்து வாருங்கள். மரத்தில் பெயர் செதுக்க மட்டும் கத்தியை எடுக்காதீர்கள். மரம் தன் உணவைக் கடத்துவது பட்டை வழியாகத்தான்; அந்தக் காயத்தில் பூஞ்சை நுழையும். உங்கள் பெயரைத் தெரிந்துகொண்டு காட்டுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.