உப்புக் காற்றும் விமானத்தின் வயதும்

உப்புவெளியில் குடியிருப்பவனுக்குத் துருவைப் பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. பெயரிலேயே உப்பைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர் இது. சென்ற வருடம் வாங்கிய துவிச்சக்கர வண்டியின் சங்கிலி இவ்வருடம் முனகுகிறது. சாளரக் கம்பிகளுக்கு எத்தனை முறை மை பூசினாலும் கடற்காற்று தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறது.

நிலாவெளி வீதியோரத்திலுள்ள போர்வீரர் மயானத்துக்கு மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கிய கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கையில், தலைக்கு மேலே சிறிய பயிற்சி விமானமொன்று இரைந்துகொண்டு சென்றது. மாணவனொருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஒரு விமானத்துக்கு எத்தனை வயது வரைக்கும் ஆயுள், சேர்?” என்றான். உடனே விடை கூற இயலவில்லை. அதன் பின்னர் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கேள்வி வெறும் அறிவியற் கேள்வியன்று. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆந் தேதி சீனன்குடாவிலிருந்து புறப்பட்ட பீ.ரி.-6 ரகப் பயிற்சி விமானமொன்று கந்தளாய்ப் பகுதியில் வீழ்ந்தது. பயிலுநரான இளைஞர் ஒருவர் மாண்டார். 2023 ஆகஸ்ட் 7ஆந் தேதி அதே ரக விமானம் சீனன்குடாவிலேயே, புறப்பட்ட சில நிமிடங்களுக்குள் வீழ்ந்து எரிந்தது. அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். இந்த ரகம் சீனாவில் 1958ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்தது. இவ்விபத்துகளுக்கு முதுமையே காரணமென நான் கூறவில்லை. வடிவம் பழையதாயிருப்பது ஒன்று, அவ்வடிவில் அமைந்த குறிப்பிட்ட விமானம் தேய்ந்திருப்பது வேறொன்று. இவ்விரண்டையும் கலந்து பேசுவது நமது பத்திரிகைகளின் வழக்கமாகிவிட்டது.

விமானத்தின் வயதை ஆண்டுக் கணக்கால் மட்டும் அளப்பதில்லை. பறந்த மணித்தியாலங்கள் ஒரு கணக்கு. ஏறி இறங்கிய தடவைகள் இன்னொரு கணக்கு. உயரே செல்லும் பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிவைக்க வேண்டும். ஏறும்போது அதன் உடல் பலூன்போல் சற்றே விம்முகிறது; இறங்கும்போது தளர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் அறுந்துவிடுவதை நாமெல்லாரும் சிறுவயதிற் செய்து பார்த்திருக்கிறோம். உலோகக் களைப்பு என்பது அதுதான். 1954ஆம் ஆண்டில் கொமெற் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடலின்மேல் அடுத்தடுத்துச் சிதறியபோதுதான் உலகம் இதை முழுமையாக உணர்ந்தது. பிரித்தானியாவின் பான்பரோவில் ஒரு முழு விமானத்தை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, நீரால் மீண்டும் மீண்டும் அழுத்தங் கொடுத்துப் பார்த்தார்கள். பழைய பயணங்களையும் சேர்த்து ஏறக்குறைய மூவாயிரந் தடவைகளில் அதன் உடல் பிளந்தது. அந்த விமானங்கள் முதுமை அடைந்தவையல்ல, மிக இளையவை!

இனி உப்பின் கதை. அலுமினியம் துருப்பிடிக்காது என்று வகுப்பறையில் சொல்லிவிடுகிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மையே. அலுமினியத்தின் மேல் இயல்பாகப் படரும் ஒட்சைட்டுப் படலம் அதைக் காக்கிறது. கடலுப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும். வலிமைக்காகச் செம்பு கலந்த கலப்புலோகமே விமானத்துக்குப் பெரிதும் பயன்படுவதால், அரிப்புக்கு அது எளிதில் இடங்கொடுக்கிறது. அரித்த குழியிலிருந்து வெடிப்புத் தொடங்குகிறது.

களைப்பும் உப்பும் கைகோத்தால் நேர்வதை 1988 ஏப்ரல் 28ஆந் தேதி ஹவாய்த் தீவுகளிற் கண்டார்கள். அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்துக்கு வயது 19. தீவுக்குத் தீவு தாவும் குறும்பயணங்களே அதன் தொழில். ஆதலால் 89,680 தடவை ஏறியிறங்கியிருந்தது. 75,000 தடவைகளை எண்ணியே அதை வடிவமைத்திருந்தனர். இருபத்துநாலாயிரம் அடி உயரத்தில் முன்பகுதியின் கூரை பெயர்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசுண்டு மறைந்தார். ஏனைய 94 பேரும் திறந்த வானத்தின்கீழ் இருந்தபடியே தரையிறங்கித் தப்பினர். ஏறும்போதே கதவருகில் ஒரு வெடிப்பைக் கண்ட பயணியொருவர் எவரிடமும் சொல்லாது உள்ளே போய் அமர்ந்தாராம். அவரை நான் குறைகூற மாட்டேன். பரிசோதிக்கும் பொறுப்பு அவருடையதன்று. ஆனால் அந்த வெடிப்பு ஒரு பயணியின் கண்ணுக்கே தெரியும் அளவு வளரும்வரை பொறுப்பாளர் எவர் கண்ணிலும் படாமற் போனதே!

இதற்கு எதிர்மாறாகச் சில விமானங்கள் சிரஞ்சீவிகளாயிருக்கின்றன. 1935ஆம் ஆண்டு முதற் பறப்பைக் கண்ட டக்கோட்டா வடிவம் இன்றும் ஆங்காங்கே பறக்கிறது. 1947 டிசம்பர் 10ஆந் தேதி எயார் சிலோனின் முதல் விமானமான ‘சீதாதேவி’ இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றதும் டக்கோட்டாவாகத்தான். உள்ளே அழுத்தங் கூட்டாத விமானமாதலால் அதன் உடல் விம்மித் தளர்வதில்லை. அமெரிக்காவின் பீ-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசி விமானம் 1962இல் கட்டப்பட்டது. 2050களிலும் அவற்றைப் பறக்கவிட எண்ணியுள்ளனர். ஆனால் இந்த நீடித்த ஆயுள் இலவசமாகக் கிடைப்பதன்று. தகடுகளைக் கழற்றி, ஒலியலையாலும் மின்காந்தத்தாலும் சாயத்தாலும் வெடிப்புகளைத் தேடி, உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிவரும் செல்வந்த நாட்டின் செலவு அது.

நமது நிலை வேறு. இந்தியா 1963இல் சேர்த்த மிக்-21 ரகத்தை 2025 செப்டம்பர் 26ஆந் தேதிதான் ஓய்வுபெறச் செய்தது. ‘பறக்கும் சவப்பெட்டி’ என்று ஏச்சு வாங்கிய பின்னரும் அது பறந்தமைக்கு ஒரு காரணம், அதன் இடத்துக்கு வர வேண்டிய புதியது காலத்தில் வராமையே. இலங்கையும் 2021இல் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க ஐந்து கோடி டொலருக்கு இஸ்ரவேலுடன் உடன்படிக்கை செய்தது. கிபிர் என்ற பெயரை நம் மக்கள் எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. மறுவருடமே, 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென நாடு அறிவித்தது. அந்நியச் செலாவணி இல்லாத நாட்டில் உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? 1980களிலிருந்தே இங்கு பயன்பட்டுவந்த பெல்-212 ஹெலிகொப்டர் ரகத்தைச் சேர்ந்த ஒன்று 2025 மே 9ஆந் தேதி மாதுறு ஓயாவில் வீழ்ந்து ஆறு பேர் மடிந்தனர்.

ஆகவே, அம்மாணவனுக்கு நான் கூறும் விடை இது: பார்ப்பவர் கண்ணும் கொடுப்பவர் பணமும் இருக்கும்வரை விமானத்துக்கு ஆயுள் உண்டு, இவற்றுள் எது குறைந்தாலும், அன்றே அதைத் தரையில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதா, பறக்கவிடுவதா என்பதைத் திறைசேரியின் நெருக்கடி தீர்மானித்தல் தகாது. போர்விமானமாயின் இரகசியம் என்பார்கள். பயிலுநர் ஏறும் சிறு விமானத்தில் என்ன இரகசியம்? ஒவ்வொன்றும் பறந்த மணித்தியாலங்கள், இறங்கிய தடவைகள், மாற்றிய உறுப்புகள், விசாரணைகளிற் கண்ட முடிவுகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் வைக்கலாமே!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சீனன்குடாப் பக்கமிருந்து மறுபடியும் அந்த இரைச்சல் கேட்கிறது. அதை ஓட்டுபவனுக்கும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இடையில் நாலைந்து வயதுதான் வித்தியாசமிருக்கும்.