விரற்கடை அலைகள்

வீட்டு விளக்கை எரிக்கும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர். ஆகையால் சுவரில் ஓடும் கம்பி பத்து அடியானாலும் நூறு அடியானாலும் அதற்கு ஒரு பொருட்டல்ல. விநாடிக்கு 300 கோடி முறை அலையும்படி செய்தாலோ, அலை 10 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அப்பொழுது கம்பி ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் கணக்கே மாறிப் போகும். வெறும் கம்பி சக்தியை ஆகாயத்தில் இறைத்துவிடவும் கூடும். ஆதலால் இவ்வலைகளைப் பல இடங்களில் உள்ளீடற்ற உலோகக் குழாய்களின் வழியே நடத்திச் செல்கிறார்கள். மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலைகள் இவையே. ராடார் இயங்குவதும், இன்று நம் கையிலுள்ள தொலைபேசி பேசுவதும் இவற்றின் தயவால்தான்.

இந்தச் சாஸ்திரத்தை நம் தேசத்தில் வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர் ஸ்ரீமதி ராஜேஸ்வரி சாட்டர்ஜி. 1922-ல் பிறந்த இவ்வம்மையாரின் பாட்டியார் கமலம்மா தாசப்பா, மைசூர் ராஜ்யத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்மணிகளுள் ஒருவர். பேத்தி பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் கணிதத்தில் எம்.எஸ்ஸி. தேறினார், பிறகு 1943-ல், ஜனங்கள் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவியானார். 1947-ல் சர்க்காரின் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்றார். வாஷிங்டனில் எட்டு மாதம் வானொலி அலைகளை அளக்கும் முறையைப் பயின்றார். 1953-ல் டாக்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பி, அதே கழகத்தில் ஆசிரியையாக அமர்ந்தார்.

அங்கே, அதே துறையைச் சேர்ந்த தம் கணவர் சிசிர் குமார் சாட்டர்ஜியுடன் சேர்ந்து நுண்ணலை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை உருவாக்கினார். 1982-ல் ஓய்வு பெறும் வரையில் அலைகளை வாங்கவும் வீசவும் உதவும் ஆன்டெனாக்களைப் பற்றியும், நுண்ணலைச் சாதனங்களைப் பற்றியும் நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். அவரிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர்கள் இருபது பேர். ஓய்வுக்குப் பின்னர் பெண்களின் நிலையைப் பற்றிய ஆராய்ச்சிப் பணியில் ஈடுபட்டார். 2010-ல் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழாய்க்குள் ஓடும் அலையைக் கண்ணால் காண இயலாது. சமன்பாட்டினால்தான் காண வேண்டும். இஞ்சினியர் பட்டம் முதலில் பெறாத பெண்ணொருத்தி அத்துறைக்குள் புகுந்து நிலைபெற வழி செய்தது, இளமையில் கற்ற கணிதமே.

“பெண்ணுக்குக் கணக்கு எதற்கு? சுலபமான பாடமாகக் கொடுங்கள்” என்று கேட்கும் பெற்றோர்களைப் பள்ளிக்கூடத்தில் நாம் இன்றும் சந்திக்கிறோம். பெண் கஷ்டப்படலாகாது என்ற அன்பினால்தான் அவர்கள் அவ்வாறு சொல்கிறார்கள். ஆனால், கமலம்மா தாசப்பா கையில் எடுத்த புத்தகம் இரண்டு தலைமுறை கழித்து ஓர் ஆராய்ச்சிக்கூடமாக நின்றது. நம் வீட்டுப் பெண் இன்று மூடி வைக்கும் கணக்குப் புத்தகத்தோடு எத்தனை கதவுகள் மூடப்படுகின்றன என்பதை யார் கணக்கிட்டுச் சொல்ல முடியும்?