பல்செட்: அளவெடுக்கும் முன் மாணவர் என்ன சொல்ல வேண்டும்?

சென்னை நூம்பலை ஒட்டிய வேலப்பன்சாவடி போன்ற இடங்களில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில், பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்களும் பல்செட் செய்கிறார்கள். செலவு கம்மி என்று வரும் பெரியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

போதிய தகவல் தந்து பெறுவதுதான் சம்மதம் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே, ‘நான் ஸ்டூடண்ட்ங்க. அஞ்சு தடவையாவது வரணும். ஆரம்பத்துல பேச்சு குழறும், முறுக்கு கடிக்க முடியாது’ என்று அளவெடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், பழகும் நாட்களின் சிரமத்தையே செட்டின் கோளாறாக நினைத்து, கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார்.

‘ராத்திரி கழற்றித் தண்ணியில போடுங்க, கொதிக்கிற தண்ணி பட்டா வடிவம் கெட்டுடும்’ என்று சொல்வது பாதி வேலை. ‘வீட்டுல எப்படிச் செய்வீங்க, சொல்லுங்க’ என்று அவர் வாயால் கேட்டுக்கொள்வதே மீதி.