லிஃப்ட் தரும் கரன்ட்டை எங்கே சேமிப்பது? புதுக்கோட்டைக்கு ஒரு கணக்கு

லிஃப்ட் என்றாலே கரன்ட்டை இழுக்கும் மெஷின் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஒரு நாளில் பல ட்ரிப்களில் லிஃப்ட்டின் மோட்டார் கரன்ட்டை எடுப்பதே இல்லை, தயாரிக்கிறது. சாதாரண லிஃப்ட்களில் அந்தக் கரன்ட் மெஷின் ரூமில் வெறும் சூடாக மாறி வீணாகிறது. அதை மீட்டு மறுபடி பயன்படுத்தும் தொழில்நுட்பத்துக்குப் பெயர் ‘ரீஜெனரேட்டிவ் டிரைவ்’.

2024-ல் மாநகராட்சியான புதுக்கோட்டையில் அபார்ட்மென்ட், மருத்துவமனை, ஜவுளிக்கடை என எது கட்டினாலும் லிஃப்ட் இல்லாமல் பிளான் போடுவது அரிதாகி வருகிறது. லிஃப்ட் கம்பெனிகளின் கொட்டேஷனிலும் ‘மின்சாரத்தை மிச்சப்படுத்தும்’ என்ற வரி தவறாமல் வருகிறது. உண்மையிலேயே மிச்சமாகுமா? கூடுதல் பணம் கொடுக்கலாமா?

சுருக்கமான பதில்: நான்கைந்து மாடிக் கட்டடத்தில் கரன்ட் பில்லைக் குறைக்க இது பெரிதாக உதவாது. ஆனால், கிடைக்கும் கொஞ்சத்தைச் சரியாகச் சேமித்து வைத்தால், பவர் கட்டில் உள்ளே மாட்டிக்கொண்டவரை வெளியே கொண்டுவர அது போதும். இந்த ஊருக்கு முக்கியம் இரண்டாவதுதான்.

லிஃப்ட் எப்படி கரன்ட் தயாரிக்குது?

கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் இரு முனையிலும் வாளி. ஒரு வாளியில் நிறைய தண்ணீர், இன்னொன்று காலி. விட்டால் கனமான வாளி தானே கீழே போகும். காலி வாளி மேலே வரும். இழுக்க ஆள் தேவையில்லை. வேகமாகப் போகாமல் பிடித்து நிறுத்தத்தான் ஆள் வேண்டும்.

லிஃப்ட்டும் இதேதான். கேபினுக்கு மறுமுனையில் ஓர் எதிர் எடை தொங்குகிறது. கேபினின் எடையோடு, அது தூக்கக்கூடிய சுமையில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்து அந்த எதிர் எடையை அமைப்பார்கள். அதனால் கேபின் காலியாக மேலே போகும்போதும், ஆட்கள் நிறைந்து கீழே வரும்போதும் மோட்டார் இழுக்க வேண்டியதில்லை, பிடித்து நிறுத்தினால் போதும். அந்த நேரத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடுகிறது.

அந்தக் கரன்ட் டிரைவுக்குள் இருக்கும் நேர்திசை மின்சுற்றுக்குத் திரும்புகிறது. 415 வோல்ட் மூன்று பேஸ் லைனில் ஓடும் லிஃப்ட்டில் இந்தச் சுற்று வழக்கமாக 560 வோல்ட்டை ஒட்டி இருக்கும். திரும்பி வரும் கரன்ட் சேரச் சேர வோல்டேஜ் ஏறும். 700 வோல்ட்டைத் தாண்டினால் டிரைவுக்கு ஆபத்து. எனவே ‘பிரேக்கிங் ரெசிஸ்டர்’ என்ற பெட்டிக்குள் அதைத் திருப்பிவிட்டு எரித்துவிடுகிறார்கள். மெஷின் ரூம் சூடாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரயிலுக்கு இருக்கும் வசதி லிஃப்ட்டுக்கு இல்லை

பிரேக் போடும்போது கரன்ட் எடுப்பது புதிய விஷயம் அல்ல. டெல்லி மெட்ரோ இதை வைத்தே ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் பதிவு செய்து கார்பன் கிரெடிட் பெற்றது. 2004 முதல் 2007 வரை சுமார் 90,000 டன் கார்பன் டை ஆக்சைடு தவிர்க்கப்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டது. ரயில்வேயின் மூன்று பேஸ் மின்சார இன்ஜின்களும் இதைச் செய்கின்றன.

ஆனால், ரயிலுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு ரயில் பிரேக் போடும்போது, அதே லைனில் வேறொரு ரயில் கிளம்பிக்கொண்டிருக்கும். ஒன்று கொடுக்க, மற்றொன்று வாங்கிக்கொள்ளும். பெரிய ஐ.டி. கட்டடத்தில் ஆறேழு லிஃப்ட்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போதும் இது சாத்தியம்.

புதுக்கோட்டையின் அபார்ட்மென்ட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு லிஃப்ட். அது கொடுக்கும் கரன்ட்டை வாங்கிக்கொள்ள அதே நொடியில் தண்ணீர் மோட்டாரோ, பொது விளக்குகளோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது லைனுக்குள் போய்விடும். அதற்காகப் பில்லில் எதுவும் குறையும் என்று நம்பிவிட முடியாது. வாங்க ஆள் இல்லாத இடத்தில் சேமித்து வைப்பதுதான் வழி.

எவ்வளவுதான் கிடைக்கும்?

கொட்டேஷனில் ‘இத்தனை சதவீதம் வரை’ என்று போட்டிருப்பார்கள். சதவீதத்தை விட்டுவிட்டு யூனிட்டில் கணக்குப் போடுவோம்.

8 பேர் செல்லும் லிஃப்ட். ஒருவருக்கு 68 கிலோ என்ற கணக்கில் 544 கிலோ. காலியாக மேலே போகும்போது எதிர் எடை 272 கிலோ கூடுதலாக இருக்கும். தரைத்தளத்திலிருந்து நான்காவது மாடி 12 மீட்டர் என்றால், ஒரு ட்ரிப்பில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 9 வாட்-மணி. உராய்வு, மோட்டார் இழப்பு போக 60 சதவீதம் கைக்கு வருகிறது என்று வைத்தாலும் 5 வாட்-மணியைக் கொஞ்சம் தாண்டும். அதாவது, ஒரு யூனிட் சேர ஏறக்குறைய 190 ட்ரிப் ஓட வேண்டும்.

நாளொன்றுக்கு 100 ட்ரிப், அதில் பாதி கரன்ட் தரும் ட்ரிப், அத்தனையும் முழு உயரம் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு 8 யூனிட் கிடைக்கும். அபார்ட்மென்ட் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு யூனிட் ரூ.8-க்கு மேல் என்பதால், மிச்சம் 70 ரூபாயை ஒட்டித்தான்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். லிஃப்ட் சும்மா நிற்கும்போதும் கேபின் விளக்கு, ஃபேன், டிஸ்ப்ளே, கன்ட்ரோல் பேனல் எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவை சேர்ந்து 60 வாட் இழுத்தால்கூட மாதம் 43 யூனிட். மீட்டுத் தருவதைப் போல ஐந்து மடங்கு, யாரும் ஏறாமலேயே போய்விடுகிறது. லிஃப்ட்களின் மின் திறனை ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை தரம் பிரிக்கும் ஐ.எஸ்.ஓ. 25745 தர அளவுகோல், ஓடும்போது ஆகும் செலவோடு நிற்கும்போது ஆகும் செலவையும் சேர்த்தே பார்ப்பது இதனால்தான். ஆள் இல்லாதபோது விளக்கும் ஃபேனும் தானாக அணையும் செட்டிங், சின்னக் கட்டடத்துக்கு ரீஜெனரேட்டிவ் டிரைவைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

தமிழ்நாட்டில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் விதிப்படி உயரமான கட்டடம். இந்த மாவட்டத்தின் பெரும்பாலான கட்டடங்கள் அதற்குள்தான் அடங்கும். 20 மாடியில் நாள் முழுக்க ஓடும் லிஃப்ட்டுக்கான விளம்பரக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

அப்போ இது எதுக்கு?

பவர் கட்டுக்கு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. டெல்டா, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கி பக்கத்துக் கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. இந்த மாவட்டத்தில் லிஃப்ட் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாத அனுபவம் அது. பெரிய புயல் வேண்டாம். ஒரு கோடை மழை, ஒரு ஃபியூஸ் போதும் லிஃப்ட் நடுவில் நிற்க.

மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவர எவ்வளவு கரன்ட் வேண்டும்? அதே 8 பேர் லிஃப்ட்டை ஒரு மாடி தூரம், அதாவது 3 மீட்டர், மோசமான சுமையோடு நகர்த்தினாலும் 2 வாட்-மணி சொச்சம்தான். இழப்பு, பிரேக், கதவு, கன்ட்ரோலுக்கு இன்னும் கொஞ்சம். கேபின் காலியாக இருந்தால் மேலே, நிறைந்திருந்தால் கீழே என்று எளிதான திசையை டிரைவ் தேர்ந்தெடுத்தால் அதுவும் குறையும். பில்லில் கண்ணுக்கே தெரியாத அளவு கரன்ட், இங்கே கதவைத் திறந்துவிடுகிறது.

இந்த வேலைக்குத்தான் ‘ஏ.ஆர்.டி.’ என்ற தானியங்கி மீட்புக் கருவி உண்டு. ஆனால், அதன் பேட்டரி பெரும்பாலும் மொட்டை மாடி மெஷின் ரூமில் இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. புதுக்கோட்டை கோடையில், பக்கத்திலேயே ரெசிஸ்டர் சூடேற்றிக்கொண்டிருக்கும் அறையில் அந்த பேட்டரி என்ன ஆகும்? செத்துப்போன பேட்டரி, பவர் கட் வரும்வரை யாருக்கும் தெரியாது.

பேட்டரியா, சூப்பர் கெபாசிட்டரா?

சேமிக்க இரண்டு வழிகள். சூப்பர் கெபாசிட்டர் சில விநாடிகளில் கரன்ட்டை வாங்கி, சில விநாடிகளில் திருப்பித் தரும். லட்சக்கணக்கான முறை தாங்கும். ஒரு ட்ரிப்பில் கிடைத்ததை அடுத்த ட்ரிப்புக்குக் கொடுக்க இது பொருத்தம். ஆனால், கொள்ளளவு குறைவு, சும்மா விட்டால் சார்ஜ் மெல்ல இறங்கிவிடும், சூடும் ஆகாது. பேட்டரி நிறைய சேமிக்கும், நீண்ட நேரம் வைத்திருக்கும். ஆனால், நாளுக்கு நூறு முறை ஏற்றி இறக்கினால் சீக்கிரம் ஓய்ந்துபோகும்.

பேட்டரியை மையமாக வைத்தே வடிவமைத்த லிஃப்ட்களும் வந்துவிட்டன. ஓட்டிஸ் நிறுவனத்தின் ‘ஜென்2 ஸ்விட்ச்’ வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் லைனிலிருந்து மெதுவாக சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. மீட்ட கரன்ட்டையும் அதே பேட்டரியில் போடுகிறது. பவர் கட்டில் 100 ட்ரிப் வரை ஓடும் என்கிறது நிறுவனம்.

எந்த முறையாக இருந்தாலும் நிர்வாகத்தில் ஒரே விதிதான் முக்கியம்: மீட்புக்கான பங்கை எப்போதும் தொடாமல் வைக்க வேண்டும், மிச்சத்தைத்தான் செலவழிக்க வேண்டும். வீட்டில் மருத்துவச் செலவுக்கென்று தனியாக எடுத்து வைப்பதைப் போல.

மருத்துவமனையில் கணக்கே வேற

2017-ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் லிஃப்ட் வசதிக்கானது அல்ல. சிகிச்சையின் ஒரு பகுதி. ஸ்ட்ரெச்சர் போகும் 20 பேர் லிஃப்ட் என்றால் 1,360 கிலோ. 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு ட்ரிப்பில் 16 வாட்-மணிக்கு மேல் கிடைக்கும். அதாவது அபார்ட்மென்ட்டைவிட மூன்று மடங்கு. ஓட்டமும் இரவு பகல் பாராதது. இங்கே பில்லிலும் பலன் தெரியும்.

ஆனால், ஒரு சிக்கல் உண்டு. பவர் கட்டில் ஜெனரேட்டருக்கு மாறும்போது, லிஃப்ட் திருப்பித் தரும் கரன்ட்டை டீசல் ஜெனரேட்டரால் வாங்கிக்கொள்ள முடியாது. வேறு லோடு போதுமான அளவு ஓடாவிட்டால் வோல்டேஜ் தாறுமாறாகும், ஜெனரேட்டரே டிரிப் ஆகலாம். எனவே ரீஜெனரேட்டிவ் டிரைவ் வாங்கினாலும் சேமிப்போ, பழைய ரெசிஸ்டரோ கூடவே இருக்க வேண்டும். ஜெனரேட்டர் கிளம்பும்வரையிலான அந்தச் சில விநாடிகளைத் தாண்டவும் சேமிப்பு உதவும். ஆக்சிஜனோடு போகும் நோயாளிக்கு அந்த விநாடிகள் சின்ன விஷயம் அல்ல.

என்ன செய்யலாம்?

லிஃப்ட் அமைக்கவும் இயக்கவும் 1997-ம் ஆண்டு சட்டப்படி மின் ஆய்வுத் துறையின் உரிமம் தேவை. ஆண்டுக்கு ஒரு முறையாவது, கேபினில் முழுச் சுமை வைத்து, மெயின் ஸ்விட்சை அணைத்து, லிஃப்ட் தானாக அடுத்த மாடிக்கு வந்து கதவைத் திறக்கிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் சோதித்துக் காட்டுவதைக் கட்டாய நடைமுறையாக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்குப் புதிய லிஃப்ட் டெண்டர் விடும்போது, ரீஜெனரேட்டிவ் டிரைவையும் சேமிப்பையும் ஒன்றாகவே கேட்க வேண்டும். ஒன்று மட்டும் வாங்குவது அரை வேலை.

அபார்ட்மென்ட் சங்கங்கள் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்கலாம். நிற்கும்போது எத்தனை வாட் இழுக்கும்? மீட்கும் கரன்ட் எங்கே போகிறது, லைனுக்கா, சேமிப்புக்கா? கரன்ட் போனால் முழுச் சுமையோடு எத்தனை முறை மாடிக்கு வந்து சேரும், அந்த பேட்டரியை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, யார் செலவில் மாற்றுவது?

பதில் யூனிட்டிலும் வாட்டிலும் வந்தால் மேற்கொண்டு பேசலாம். ‘சார், செம்ம சேவிங்ஸ்’ என்று மட்டும் வந்தால், அந்தப் பணத்தில் நல்ல மீட்பு பேட்டரி ஒன்றை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.