துடைப்பத்தால் காடு வளராது

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. ஏரிக்கரைத் தோப்பில் விழும் சருகை அகற்ற இலை ஊதும் மெஷின் ஒன்று வாங்குவது, வாரம் இரண்டு நாள் ஆள் வைத்துக் கூட்டுவது, சேர்ந்ததை ஓரமாகக் குவித்துக் கொளுத்திவிடுவது. "ஒரு சருகுகூடக் கிடக்காது சார், கண்ணாடி மாதிரி வெச்சுக்கலாம்" என்று சங்கத்து நண்பர் ஒருவர் ஆசையோடு சொன்னார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் இந்த விஷயத்தில் அவரை எதிர்த்துத்தான் கை தூக்கப்போகிறேன். கூட்டத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம். அதற்குள் சொல்லி முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். சங்கத்தில் பலரும் இதைப் படிப்பவர்கள்தான்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். பலாவும் முந்திரியும் பரம்பரைப் புளியமரங்களும் ஒரே காலையில் படுத்துவிட்டன. அதற்குப் பிறகு ஊர் கூடி நட்டதுதான் இந்தத் தோப்பு. தண்ணீர் லாரிக்கு நாம்தான் காசு போட்டோம், வேலியும் நாம்தான் கட்டினோம். இன்று மரங்கள் இரண்டு ஆள், மூன்று ஆள் உயரம் தாண்டி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்று இருக்கிறது.

உள்ளே போய்க் குனிந்து பாருங்கள். மண் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கிறது. மரத்தடியில் வேர் துருத்திக்கொண்டு தெரிகிறது. நாவல் காய்க்கிறது, மகிழம் பழுக்கிறது, வேம்பு கொட்டுகிறது. ஆனால் தானாக முளைத்த கன்று ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். இல்லை. இத்தனை வருஷமாகக் கூட்டிக்கொண்டே இருக்கிறோம், எப்படி இருக்கும்? இப்போதைய துடைப்பம் போதாதென்று மெஷினும் வரப்போகிறது.

என் பழைய உத்தியோகத்தில் உரக் கணக்குப் பார்த்தே காலம் போயிற்று. அந்தக் கணக்கையே இங்கும் போடுகிறேன். நம் மாதிரி வெப்பப் பிரதேசத்தில், மரம் நன்றாக அடைந்த தோப்பில், வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 5 டன் சருகு விழுவது சாதாரணம். ஏக்கருக்கு 2 டன். உதிர்க்கும் முன்பு மரம் இலையிலுள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ பாதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அப்படியும் காய்ந்த சருகில் 1 சதவீதம் அளவுக்கு மிச்சம் இருக்கும். 2 டன்னில் 20 கிலோ. கடையில் விற்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் ஏறக்குறைய அதே 20 கிலோதான். ஏக்கருக்கு வருஷம் ஒரு மூட்டை யூரியாவை மரம் தன் காலடியிலேயே இலவசமாகப் போட்டுக்கொள்கிறது. அதை நாம் கூலி கொடுத்து அள்ளி, தீக்குச்சி கிழித்துப் புகையாக்குகிறோம். எரித்தால் தழைச்சத்து காற்றோடு போகும். சாம்பலில் மிஞ்சும் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் ஐப்பசியின் முதல் மழையில் ஏரிக்குப் போகும். பிறகு மரம் வாடுகிறது என்று அடுத்த கூட்டத்தில் உரத்துக்குத் தனியாக வசூல் வைப்போம்!

புங்கந்தழையையும் பூவரசந்தழையையும் கட்டுக் கட்டாக வெட்டிவந்து, நடவுக்கு முன் சேற்றில் போட்டு மிதித்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை நாம். கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுதவர்களும் நம்மிலே உண்டு. இலை மண்ணுக்குச் சோறு என்பதை நமக்கு யாரும் புத்தகம் வைத்துச் சொல்லித்தரவில்லை. எந்த வருஷத்தில் அந்தச் சோறு 'குப்பை' ஆனது? டைல்ஸ் போட்ட வாசல் வந்ததும் தோப்பும் வாசல் மாதிரியே இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது?

இன்னொரு நம்பிக்கை, மரம் இருந்தால் மண் அரிக்காது என்பது. பாதி உண்மை. மழைத்துளி இலையில் விழுந்து, நுனியில் திரண்டு, வானத்திலிருந்து வந்ததைவிடப் பெரிய துளியாகக் கீழே சொட்டும். எட்டு, பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அது தன் முழு வேகத்தையும் ஏறக்குறைய எட்டிவிடும். கீழே சருகு இருந்தால் அடி சருகுமேல் விழுந்து அடங்கிவிடும். இல்லாவிட்டால் மண் தெறித்து, துளைகள் அடைபட்டு, தண்ணீர் இறங்காமல் ஓடும். தேக்குத் தோட்டங்களில் சருகை எரித்துவிட்டால், மரமே இல்லாத வெட்டவெளியைவிட மரத்தடியில் மண் அதிகம் தெறித்து அரிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மண்ணைக் காப்பது மேலே உள்ள குடை மட்டும் இல்லை, கீழே விரித்த பாயும்தான். நாம் குடையை நட்டுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கிறோம். ஏரி தூர்ந்துபோகிறது என்றும் புலம்புகிறோம். தூர் எங்கிருந்து வருகிறது?

ஆதாரம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் எப்படிக் கிடந்தது என்பதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பனைமரங்கள் சில, மற்றதெல்லாம் செம்மண் பொட்டல், ஆளை விழுங்கும் அளவுக்கு ஓடைப் பள்ளங்கள். மழை பெய்தால் செந்நீர் நேரே கடலுக்கு ஓடும். அங்கே முதலில் வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு ஆஸ்திரேலிய அக்கேசியாவைப் போன்ற வேகமாக வளரும் மரங்களை நட்டார்கள். அவை நிழல் தந்தன, சருகு கொட்டின. அந்தச் சருகு மண்ணான இடத்தில்தான் நம் ஊர்க் காட்டு மரங்களை நட்டார்கள். தானேயில் அக்கேசியாக்கள் நிறைய சாய்ந்தன. அதற்குள் அவற்றின் வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது, அடியில் வீரையும் காயாவும் கருங்காலியும் வளர்ந்துகொண்டிருந்தன. அந்தக் காடுகளுக்குள் நடந்தால் கால் மெத்தென்று பதியும். கூட்டியிருந்தால் பதியுமா?

அதையும்விடப் பழைய சாட்சி கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற எல்லோரும் பார்த்ததுதான். கடலோரத்து உலர் பசுமைமாறாக் காடு என்று ஆராய்ச்சியாளர்கள் தேடி வருகிற இடம். இப்படிப்பட்ட கோயில் காடுகளில் ஒரு சுள்ளியைக்கூட வெளியே எடுத்துப் போகக்கூடாது என்று நம் பெரியவர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். சாமி கோபித்துக்கொள்ளும் என்றார்கள். கோபம் இருக்கட்டும், பலன் என்ன? விழுந்தது விழுந்த இடத்திலேயே மக்கியது. யாரும் தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல், தலைமுறை தலைமுறையாகக் காடு தன்னைத்தானே நட்டுக்கொண்டது.

காடு திரும்புகிறது என்பதற்கு என் அளவுகோல் அதுதான். நாம் நட்ட மரம் எத்தனை அடி வளர்ந்தது என்பதைவிட, நாம் நடாத கன்று எத்தனை முளைத்தது என்பதுதான் கேள்வி. கொண்டைக்குருவியும் வௌவாலும் பழம் தின்று விதை போடுகின்றன. சருகின் அடியில் ஈரமும் நிழலும் கிடைத்தால் அது முளைக்கும். கட்டாந்தரையில் விழுந்தால் ஒரு வெயிலில் காயும், அல்லது எறும்பும் எலியும் கொண்டுபோகும். முளைத்தாலும் செவ்வாய்க்கிழமைத் துடைப்பம் பிடுங்கிவிடும். மரவட்டையும் மண்புழுவும் கறையானும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் சருகைத் தின்று மண்ணாக்கும். அவற்றைத் தேடித்தான் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டும். வடக்கிலிருந்து மழைக்காலத்துக்கு நம் பக்கம் வரும் ஆறுமணிக்குருவியும் சருகைக் கிளறித்தான் பிழைக்கிறது. பெருக்கிய தரையில் அதற்கு என்ன வேலை?

வெளிநாட்டு உதாரணம் கேட்பவர்களுக்கு ஒன்று. கோஸ்டா ரிகா நாட்டில் 1990-களின் கடைசியில், மேய்ந்து மேய்ந்து செத்துப்போன சுமார் 3 ஹெக்டேர் நிலத்தில், ஜூஸ் கம்பெனி ஒன்றின் ஆரஞ்சுத் தோலையும் சக்கையையும் கொட்டினார்கள். கொஞ்சநஞ்சம் இல்லை, 12,000 டன். 'அசிங்கம் செய்கிறார்கள்' என்று போட்டிக் கம்பெனி வழக்குப் போட்டு நிறுத்தியது. 16 வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தால் அங்கே காடு! தோல் கொட்டாத பக்கத்து நிலத்தோடு ஒப்பிட, தரைக்கு மேலுள்ள மரங்களின் மொத்த எடை 176 சதவீதம் அதிகம். அவர்கள் லாரியில் கொண்டுவந்து கொட்டியதை நமக்கு மரமே தினமும் கொட்டுகிறது. நாமோ லாரி வைத்து வெளியே அனுப்பப் பார்க்கிறோம்.

சங்கத்தில் சொல்லப்படும் காரணங்களையும் ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாம்பு வரும் என்கிறார்கள். பாம்பு எலியைத் தேடி வரும், எலி எச்சில் இலையையும் ஓட்டல் கழிவையும் தேடி வரும். தோப்பு ஓரத்தில் இரவில் கொட்டப்படும் பிரியாணிப் பொட்டலங்களை நிறுத்துங்கள். நடைபாதையை மட்டும் தினமும் சுத்தமாகப் பெருக்குங்கள். அதை நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நமக்கெல்லாம் கண்ணும் முன்னைப்போல் இல்லை, காலும் முன்னைப்போல் இல்லை.

கொசு வரும் என்கிறார்கள். டெங்கு கொசு முட்டையிடுவது டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பிளாஸ்டிக் கப்பிலும் தேங்கும் தண்ணீரில். தரையில் படிந்து மக்கும் சருகில் தண்ணீர் தேங்காது, உள்ளே இறங்கும். கப்பைப் பொறுக்குவோம், சருகை விடுவோம்.

கறையான் மரத்தைத் தின்றுவிடும் என்கிறார்கள். பெரும்பாலான கறையான் தின்பது செத்த பட்டையையும் காய்ந்த சுள்ளியையும்தான். தின்னச் சருகே இல்லாமல் செய்துவிட்டு அது மரத்தில் ஏறுகிறது என்று பயந்தால் எப்படி?

கோடையில் தீப்பிடிக்கும் என்பது மட்டும் உண்மையான பயம். பீடித் துண்டு ஒன்று போதும். அதற்கு வழி, தோப்பைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்கு மாசியிலேயே சருகை ஒதுக்கி உள்ளே தள்ளிவிடுவது. எல்லையில் பத்தடி போதும், முழுத் தோப்பையும் மொட்டை அடிக்க வேண்டாம். தீக்குப் பயந்து சருகை அள்ளுகிறவர்கள், அள்ளிய சருகைத் தோப்போரத்திலேயே கொளுத்துவதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே தடுத்திருக்கின்றன. பசுமைத் தீர்ப்பாயமும் அதே ஆண்டு அபராதம் விதித்து உத்தரவிட்டது. சட்டத்தை விடுங்கள், நம் தெருவில் இன்ஹேலர் இல்லாத வீடு எத்தனை? அந்தப் புகை யார் நெஞ்சுக்குள் போகிறது?

அரசாங்கமும் 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. அப்போது 23.7 சதவீதமாக இருந்த காடு, மரப் பரப்பைப் பத்து வருஷத்தில் 33 சதவீதமாக்குவது நோக்கம். நல்ல காரியம். ஆனால் விழா மேடைகளில் நான் கேட்பதெல்லாம் எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்ற கணக்குதான். நட்ட இடத்தில் மண் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குட்டைக் காடு, மியாவாக்கி காடு என்று போட்டோ எடுக்கிறார்கள். அந்த முறையிலும் கன்று நட்டதும் வைக்கோல் பரப்பி மண்ணை மூடச் சொல்கிறார்கள். முதல் வருஷம் காசு கொடுத்து வைக்கோல் வாங்கிப் பரப்பிவிட்டு, மூன்றாம் வருஷம் மரமே தருகிற சருகைக் கூலி கொடுத்து அள்ளுகிற கூத்தும் நடக்கிறது.

என் மாற்றுத் தீர்மானம் சுருக்கமானது. மெஷின் வேண்டாம். நடைபாதை, உட்காரும் பெஞ்சைச் சுற்றிய இடம், எல்லையில் பத்தடி, இவற்றைப் பெருக்குவோம். அந்தச் சருகை மரத்தடியிலேயே பரப்புவோம். பிளாஸ்டிக்கை மட்டும் பொறுக்கி வெளியே எடுப்போம். தோப்புக்குள் தீ கூடாது. மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் கூட்டும் அம்மாக்கள் இருவருக்கும் வேலையை நிறுத்தாமல், பிளாஸ்டிக் பொறுக்கவும் கன்றுகளைக் கண்காணிக்கவும் சம்பளம் கொடுப்போம். சருகை விட்டால் அவர்கள் பிழைப்பு போய்விடும் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

இரண்டு மழைக்காலம் மட்டும் பொறுங்கள். அதற்குப் பிறகும் மண் இறுகியே கிடந்தால், ஒரு நாவல் கன்றாவது தானாகத் தலைகாட்டவில்லை என்றால், மெஷினுக்கு என் பங்கையும் தருகிறேன். கூட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. கை தூக்குவதற்கு முன்னால் ஒருமுறை தோப்புக்குள் போய், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நின்று பாருங்கள்.